வாசலில் ஒரு சொட்டு

சில வாரங்களுக்கு முன் கிணற்று மோட்டாரைப் பற்றி இப்பகுதியில் எழுதியபோது, வீட்டிலுள்ள இயந்திரங்கள் வாய் பேசாவிட்டாலும் தங்கள் நோயை ஏதாவதொரு விதத்தில் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன, கேட்பதற்கு நமக்குத்தான் பொறுமை இல்லை என்று முடித்திருந்தேன். ஊருக்கு உபதேசம் செய்தவனைச் சோதித்துப் பார்க்க விதி அதிக நாள் காத்திருக்கவில்லை. என் சொந்த மோட்டார் வண்டியே என் வீட்டு வாசலில் எனக்குப் பாடம் கற்பித்துவிட்டது. அந்தப் பாடத்தை மறைக்காமல் எழுதிவிடுவதுதான் நியாயம் என்று தோன்றுகிறது.

அன்று வெள்ளிக்கிழமை. கழுவித் துடைப்பதற்காக வண்டியை விடியற்காலையிலேயே தெருவுக்கு நகர்த்தியிருந்தேன். அது இரவெல்லாம் நின்றிருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துக் கோலமிடப் போன என் சகதர்மிணி, கோலமாவுக் கிண்ணத்தோடு திரும்பி வந்து, "மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டது, இந்த ஓரிடம் மட்டும் காய மாட்டேன் என்கிறது. மாவு போட்டால் கட்டி கட்டியாகத் திரண்டு நிற்கிறது. வந்து பாருங்கள்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். வண்டியின் இடது பின் சக்கரம் நின்றிருந்த இடத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்தில் ஓர் ஈரம். விரலால் தொட்டால் தண்ணீரைப் போலவும் இல்லை, எண்ணெயைப் போலவும் இல்லை, வழவழவென்று நழுவிற்று. நிறம், பால் விடாத இளந்தேநீர் நிறம்.

மறுநாள் சனிக்கிழமை நாங்கள் கொல்லிமலைக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. அறப்பளீசுவரரைத் தரிசிக்க வேண்டுமென்பது என் தாயாரின் நெடுநாளைய ஆசை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் அந்தச் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டென்பதை நேயர்களில் பலர் அறிவார்கள். ஏறும்போது 70 என்றால் இறங்கும்போதும் 70. ஏறுவதற்கு எஞ்சின் போதும். இறங்குவதற்கு வேண்டியது பிரேக். வாசலில் காயாமல் கிடந்த அந்த ஈரத்தைப் பார்த்தவுடன் என் வயிற்றில் ஏதோ கரைந்தது.

நிற்க. வண்டிக்கடியில் ஈரம் கண்டவுடன் பிரேக்தான் போயிற்று என்று பதறிவிடக் கூடாது. மோட்டார் வண்டியின் உடலில் பலவிதத் திரவங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் இனம் கண்டுகொள்ளத் தெரிந்திருப்பது குடும்பத்தார் எல்லோருக்கும் நல்லது. வண்டியின் முன்பாதியில் நிறமும் மணமும் வழுக்கலும் இல்லாமல் சொட்டுவது பெரும்பாலும் குளிர்சாதனத்திலிருந்து வடியும் வெறுந்தண்ணீர். அதற்காக வருந்த வேண்டியதில்லை. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சற்றே இனித்த வாடையுடன் இருந்தால் ரேடியேட்டர் நீர். கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் எஞ்சின் ஆயில். மிகவும் கெட்டியாகக் கந்தக வாடையோடிருந்தால் கியர் ஆயில். நிறமற்றோ, மஞ்சளாகவோ, தேநீர் நிறமாகவோ, மெல்லியதாய் வழுக்கிக்கொண்டு, சக்கரத்தின் உட்புறத்தை ஒட்டியோ டிரைவர் காலடிக்கு நேராகவோ காணப்பட்டால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம்.

சந்தேகம் தீர ஓர் எளிய பரீட்சை உண்டு. பிரேக் ஆயில் என்று பெயரேயொழிய, சாதாரணமாக நம் வண்டிகளில் ஊற்றப்படுவது எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. கிளைக்கால் ஈதர் என்னும் இரசாயன வகையைச் சேர்ந்த அத் திரவம் தண்ணீரோடு கலந்துவிடும். எஞ்சின் ஆயிலோ கலக்காமல் மேலே மிதக்கும். சமையலறைத் தம்ளரைக் கொடுக்க என் சகதர்மிணி மறுத்துவிட்டாள். அது நியாயமே, ஏனெனில் பிரேக் ஆயில் விஷம். ஆகவே ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் எடுத்து, ஈரத்தில் தோய்த்த குச்சியை அதில் அலசினேன். ஒரு துளியும் மிதக்கவில்லை, கரைந்து மறைந்தது. அன்றிரவு வண்டியைப் பழைய இடத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினுக்கும் அடியில் பழைய பத்திரிகைகளை விரித்து வைத்தேன். காலையில் மற்றத் தாள்களெல்லாம் வெளுப்பாக இருக்க, இடது பின் சக்கரத்தின் தாளில் மட்டும் புது வட்டம் ஒன்று விழுந்திருந்தது. ஐயத்துக்கு இடமில்லை.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மாதங்களுக்கு முன்பே வண்டி எனக்குச் சொல்லியிருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், முன்பலகையில் பிரேக்குக்கு உரிய சிவப்பு விளக்கு எரிந்தது. கைப்பிரேக்கைச் சரியாக இறக்கவில்லை போலும் என்று இரண்டு முறை இழுத்துவிட்டுப் பார்த்தேன், அணையவில்லை. வழியிலிருந்த கடையில் ஒரு சிறு புட்டி பிரேக் ஆயில் வாங்கி ஊற்றினேன். விளக்கு அணைந்தது, கவலையும் அணைந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் எரிந்தது, மறுபடியும் ஊற்றினேன். விடையை மட்டும் அழித்துத் திருத்திவிட்டு வழியைத் திருத்தாமல் விடும் மாணவனுக்குப் பூஜ்யம் போடுகிற ஆசிரியன் நான்! விளக்கு அணைந்ததைக் கொண்டு நோய் தீர்ந்ததாக எண்ணினேன். அந்த இரண்டு மாதமும் என் பெண்ணை அதே வண்டியில்தான் பள்ளிக்கு அழைத்துச் சென்று வந்தேன். இதை எழுதும்போதும் என் கை சற்று நடுங்குகிறது.

பிரேக் ஆயில் அடைபட்ட பாத்திரத்தில் இருப்பது. பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதன்று, ஆவியாகிப் போய்விடுவதுமன்று. அப்படியிருக்க, அளவு ஏன் குறைய வேண்டும்? இரண்டே காரணங்கள்தாம். டிஸ்க் பிரேக்கின் பேட்கள் நாளடைவில் தேயத் தேய, அவற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னேறி வருகிறது. அந்த இடத்தை நிரப்பத் திரவம் போவதால் மேல்தொட்டியில் மட்டம் மெள்ள இறங்குகிறது. இது இயல்பு, ஆனால் மாதக் கணக்கில் நடப்பது. அப்போதும் செய்ய வேண்டியது பேட்களைப் பார்ப்பதே தவிர, ஊற்றிவிட்டுப் போவதன்று. ஒருமுறை நிரப்பியபின் சில வாரங்களிலேயே மறுபடி குறைந்தால், எங்கோ கசிகிறது என்பதே பொருள். சில வண்டிகளில் கிளச்சும் இதே தொட்டியிலிருந்து திரவம் பெறுவதுண்டு. அவற்றில் கிளச்சின் சிலிண்டர் கசிந்தாலும் பிரேக் விளக்கு எரியும்.

இனி, ஒரு சொட்டு ஒழுகுவதில் இத்தனை அபாயம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இதற்குப் பிரெஞ்சு ஞானி பிளெய்ஸ் பாஸ்கலிடம் போக வேண்டும். 1623 முதல் 1662 வரை வாழ்ந்த அப்பெரியார் கண்ட உண்மை யாதெனில், மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது. இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறேன். கணக்கு இதுதான்: பிரேக் பெடலை 20 கிலோ எடைக்குச் சமமாகக் காலால் மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது நான்கு மடங்காக்கினால் 80 கிலோ. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 3 சதுர சென்டிமீட்டர் பரப்புடையதானால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 27 கிலோ அழுத்தம் ஏறுகிறது. முன் சக்கரத்துப் பிஸ்டனின் பரப்பு 18 சதுர சென்டிமீட்டர் என்றால், அது பேட்டை 480 கிலோ எடையுடன் நெருக்குகிறது. இருபது கிலோ மிதி, ஒரு சக்கரத்தில் 480 கிலோவாகிறது! பூஸ்டர் தரும் உதவி இதற்கும் மேல்.

இந்த மாயத்துக்கெல்லாம் ஆதாரம் ஒரே ஒரு நிபந்தனைதான்: பாத்திரம் மூடியிருக்க வேண்டும், உள்ளே திரவம் மட்டுமே இருக்க வேண்டும். திரவம் நசுங்காது, காற்று நசுங்கும். கசிந்து மட்டம் மிகவும் தாழ்ந்துவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடுகிறது. அதன்பின் நாம் மிதிக்கும் மிதியெல்லாம் அந்தக் காற்றுக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிறது. சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை.

திரவத்தால் இயங்கும் பிரேக்கை மோட்டார் வண்டிக்குக் கொணர்ந்தவர்களில் முதன்மையானவர் மால்கம் லாக்ஹீட் என்னும் அமெரிக்கர். 1921-இல் டூசன்பெர்க் என்ற அமெரிக்கக் கார் நான்கு சக்கரங்களிலும் இதைப் பூண்டு வெளிவந்தது. வெகுகாலம் வரையில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பாதையாக இருந்ததால், ஓரிடத்தில் உடைந்தால் எல்லாமே போய்விடும். பிற்பாடு பாதையை இரண்டாகப் பிரித்தார்கள். 1968 முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களிலும் இரட்டைப் பாதையே வழக்கம். பல சிறு கார்களில் ஒரு முன் சக்கரமும் அதற்குக் குறுக்கே எதிர்ப்புறத்துப் பின் சக்கரமும் ஒரு ஜோடி. ஒரு பாதை போனாலும் மற்றது நிற்கும். ஆனால் பெடல் வெகு ஆழத்துக்கு இறங்கும். நிறுத்தும் தூரமும் மிகுதியாகும். மலைச் சரிவில் அந்தப் பாதி பிரேக்கை நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்ல எவரும் துணிய மாட்டார். மின்சாரக் கார் வைத்திருப்போர் இது தமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்; அவற்றிலும் பிரேக்குக்கு இதே திரவம்தான்.

பாஸ்கலைத் தெரிந்த எனக்குக் கசிவு எந்தப் பொருளில் என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எங்கள் தெருக்கோடிப் பட்டறை மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினேன். வண்டியை ஓட்டிக்கொண்டு அங்கே போவது, இருதய நோயாளியை வைத்தியசாலைக்கு ஓடச்சொல்வது போன்ற காரியம். ஆகையால் அவரையே வீட்டுக்கு வரவழைத்தேன். பட்டறை தூரமாயிருப்பவர்கள் வண்டியை ஏற்றிக் கொண்டுபோகும் ஊர்தியை அழைக்க வேண்டும்.

அதற்குள் எதிர்வீட்டு நண்பர் வந்து யோசனை சொன்னார். "இதற்கா பிரயாணத்தை ஒத்திப் போடுகிறீர்கள்? அந்தச் சக்கரத்துக்குப் போகிற குழாயை மட்டும் மடக்கி அடித்து அடைத்துவிட்டால் போகிறது. லாரிக்காரர்கள் வழியில் செய்வதுதானே! வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்." உண்மைதான், அப்படிச் செய்வோர் உண்டு. மேஸ்திரி அதைக் கேட்டுவிட்டு, "ஒரு சக்கரம் பிடிக்காமல் மற்றச் சக்கரம் பிடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போகும், ஸார். வளைவில் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் நம் அதிர்ஷ்டம்" என்று மட்டும் சொன்னார். கொல்லிமலை வளைவுகளின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்பது என் நினைவுக்கு வந்தது. பிரயாணம் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. என் தாயார் கட்டி வைத்திருந்த பூஜைச் சாமான் மூட்டையை ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து வைத்தார்.

மேஸ்திரி உடனே சக்கரத்தில் கை வைத்துவிடவில்லை. சக்கரத்தடியில் சொட்டியிருந்தாலும், மேலிருந்து கிரமமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முதலில் மேல்தொட்டியும், அதன் கீழுள்ள மாஸ்டர் சிலிண்டரும், அது பூஸ்டரோடு சேருமிடமும். அடுத்து உள்ளே பெடலின் மேற்பக்கம். பின் வண்டியின் அடியில் ஓடும் எஃகுக் குழாய்களில் துரு ஏறிய இடங்கள். பிறகு சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்போ உப்பலோ உண்டா என்பதும், அவற்றின் முனைகளிலுள்ள செப்பு வாஷர்களும். கடைசியாக நான்கு சக்கரங்கள். ஒவ்வோர் இணைப்பையும் துணியால் உலரத் துடைத்துவிட்டு, என்னைப் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுபடியும் பார்த்தார். ஈரமாயிருக்கும் இடத்தைத் துடைக்காமல் பார்த்தால், கசிவு எங்கே பிறந்தது, எங்கே வழிந்தது என்று தெரியாதாம். எவ்வளவு சிறிய தந்திரம்! எனக்கு அது தோன்றவில்லை.

பெடலுக்கும் பாஷை உண்டு என்பதை அப்போது அறிந்துகொண்டேன். பஞ்சுபோல் மெத்தென்று அமுங்கினால் உள்ளே காற்று. கெட்டியாக நின்று, பின் காலை எடுக்காமலே மெள்ள மெள்ளத் தரைக்கு இறங்கினால் கசிவு. அப்படி இறங்கியும் வெளியில் எங்கும் ஈரமில்லையானால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் கெட்டு, திரவம் பின்வாங்குகிறது என்று அர்த்தம். ஆனால் எஞ்சின் நின்றிருக்கையில் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டிப்படுத்தி, மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்பினால் பெடல் சிறிது தாழும்; அது பூஸ்டர் நலமாயிருப்பதன் அடையாளம். அதைக் கசிவென்று எண்ணிவிடலாகாது.

சக்கரத்தைக் கழற்றும் முறை வந்தது. பின் டிரம்மை எடுக்கக் கைப்பிரேக்கைத் தளர்த்தியாக வேண்டும். ஆகையால் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்து, வண்டியைக் கியரில் நிறுத்தினோம். ஜாக்கியால் தூக்கியபின், உறுதியான ஸ்டாண்டைக் கொடுத்தே வேலை தொடங்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகுவது தற்கொலைக்கு ஒப்பானது. டிரம் வெளிவந்ததும் நோய் பிரத்தியட்சமாயிற்று. வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் மூடிகளில் ஒன்றை அவர் மெல்ல நெம்பினார். உள்ளிருந்து திரவம் ஒழுகிற்று. ஷூக்களில் ஒன்று முழுவதும் நனைந்து கறுத்திருந்தது. டிரம்மிலிருந்த தூளை ஊதிவிட நான் குனிந்தபோது கையால் தடுத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்கு யமன். ஈரத்துணியால்தான் அதைத் துடைக்க வேண்டும்.

இப்போது ஒரு முடிவு செய்ய வேண்டியிருந்தது. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகளை மட்டும் மாற்றினால் செலவு சொற்பம். ஆனால் சிலிண்டரின் உட்சுவரை நகத்தால் தடவச் சொன்னார் மேஸ்திரி. அம்மைத் தழும்புபோல் துருப் பள்ளங்கள். வழவழப்பான சுவரின்மேல்தான் ரப்பர் நிற்கும்; தழும்பின்மேல் எந்தப் புது ரப்பரும் சில மாதங்களுக்கு மேல் தாங்காது. ஆகவே புதுச் சிலிண்டர். நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடலாமா என்று கேட்டேன். லைனிங் உறிஞ்சிய திரவம் சூடேறும்போது மீண்டும் வெளிவரும். ஆதலால் ஷூக்களையும் மாற்ற வேண்டும். அதிலும் ஒரு பக்கம் மட்டும் புதிதாக்கினால் இருபுறமும் சமமாகப் பிடிக்காது என்பதால், வலது பின் சக்கரத்துக்கும் புது ஷூ. நான் மனத்துக்குள் கூட்டல் போட்டுக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். "கிட் மட்டும் போட்டால் எனக்கும் வேலை சுலபம், ஸார். ஆனால் நீங்கள் மலைக்குப் போகிறேன் என்கிறீர்கள்" என்றார்.

மற்ற வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழாயின் நட்டைச் சாதாரண ஸ்பானரால் திருகினால் அதன் முனைகள் மழுங்கிவிடும். வாயில் ஒரு வெட்டு விட்ட ரிங் ஸ்பானர் இதற்கென்று இருக்கிறது. குழாயைக் கழற்றியவுடன் அதன் வாயை ரப்பர் மூடியால் அடைத்தார். திரவமும் வீணாகாது, தூசியும் புகாது. புதுச் சிலிண்டரைப் பொருத்தி, நட்டை முதலில் கையாலேயே சில மரை ஏற்றியபின் இறுக்கினார். ஷூ, ஸ்பிரிங், டிரம் எல்லாம் கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் ஏறின. வரிசை மறவாதிருக்க, மறுபக்கத்துச் சக்கரத்தை அதுவரை கழற்றாமலே வைத்திருந்தார். அது அவருக்கு மாதிரிப் படம்.

கடைசிக் காரியம் காற்றை வெளியேற்றுவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். பெடலுக்கு என் பெண் உட்கார்ந்தாள். சிலிண்டரின் உச்சியிலுள்ள சிறு நிப்பிளில் கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் ஊற்றிய புட்டிக்குள் அமிழ்த்தினார் மேஸ்திரி. "மிதி" என்றவுடன் அவள் மிதித்துப் பிடிப்பாள். இவர் நிப்பிளைத் தளர்த்துவார். குமிழ்கள் புட்டியில் கொப்புளிக்கும். நிப்பிளை மூடியபின் "விடு" என்பார். மூடுவதற்குமுன் காலை எடுத்துவிட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். என் வேலை மேல்தொட்டியைக் காலியாகவிடாமல் நிரப்பிக்கொண்டே இருப்பது. மாஸ்டர் சிலிண்டருக்கு வெகுதூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிப்பது பொது வழக்கம். எனினும் வண்டிக்கு வண்டி வரிசை மாறுபடுவதால், வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது உத்தமம். புட்டியில் சேர்ந்த பழைய திரவத்தை மறுபடி ஊற்றலாகாது.

ஊற்றும் திரவத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். தொட்டியின் மூடியிலேயே டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும். அதையே வாங்க வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, இவற்றோடு சேராது. எஞ்சின் ஆயிலையோ வேறெந்த எண்ணெயையோ ஒரு கரண்டிகூட ஊற்றக் கூடாது. உள்ளிருக்கும் ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. அதனால் வெகுநாள் திறந்து கிடந்த புட்டி உதவாது. புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேட் வரை கொதிக்காமலிருக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்குச் சுமார் மூன்றே முக்கால் பங்கு தண்ணீர் சேர்ந்தால் போதும், அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இவ்வெண்கள் 230, 155. மலையிறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை மிதிக்கும்போது எழும் வெப்பத்தில் பழைய திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே நசுங்கும். கசிவே இல்லாத வண்டியிலும் பிரேக் பிடிக்காமற்போவது இப்படித்தான். இரண்டாண்டுக்கொருமுறை திரவத்தை மாற்றிவிடுவது நல்லது. வண்டியின் வர்ணத்தில் இது பட்டால் வர்ணம் உரிந்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பெடலைப் பலமாக ஒரு நிமிஷம் மிதித்துப் பிடித்தேன். இறங்கவில்லை. எல்லா இணைப்புகளையும் மறுபடி துடைத்துப் பார்த்தார், உலர்ந்தே இருந்தன. பிறகு காலித் தெருவில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். அப்புறந்தான் சற்று வேகமாக. அன்றிரவும் பத்திரிகை விரித்தேன். காலையில் செய்தியைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

ஓடும்போதே பிரேக் கைவிட்டால் என்ன செய்வது? பெடலை விட்டுவிட்டு விரைவாகப் பலமுறை மிதிக்க வேண்டும். சில சமயம் மிச்சமிருக்கும் திரவம் உதவும். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்க வேண்டும். கைப்பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் கொஞ்சங் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஹாரனையும் விளக்குகளையும் போட்டு மற்றவர்களை விலகச் செய்ய வேண்டும். எஞ்சினை மட்டும் நிறுத்திவிடக் கூடாது; ஸ்டியரிங் கனத்துப் போகும்.

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கையை விட்டுப் பிரிந்த படிப்பு படிப்பாகாது என்பதே அதன் கருத்தாயிருந்தது. அதைப் பல மேடைகளில் நானும் பேசியிருக்கிறேன். ஆயினும் அன்று வாசலில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்; மேஸ்திரியின் விரல்கள்தாம் பாஸ்கலை அறிந்திருந்தன. இனி அந்தப் பாடம் வரும்போது, கழற்றிய அந்தப் பழைய வீல் சிலிண்டரை வகுப்புக்கு எடுத்துச் செல்வதாக இருக்கிறேன். மேஸ்திரியும் ஒரு நாள் வகுப்புக்கு வந்து காட்டச் சம்மதித்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை கொல்லிமலைக்குப் போய் வந்தோம். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கினேன். வளைவுக்குமுன் மட்டும் பிரேக்கை மிதித்து விட்டேன். காரவள்ளி வந்து சேர்ந்ததும் என் தாயார், "இத்தனை வளைவு வந்ததே, நீ பிரேக்கே போடவில்லையா? ஒரு தடவைகூடக் குலுங்கவில்லையே!" என்று கேட்டார். அந்த வேலைக்கு இதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் எனக்கு வேண்டியதில்லை. மேஸ்திரியிடம் அதை அப்படியே சொல்லிவிட்டேன்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்றிரவு உங்கள் வண்டிக்கடியில் ஒரு பழைய தாளை விரித்துவிட்டுப் படுங்கள். முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தால், புட்டியை எடுப்பதற்குமுன், போனது எங்கே என்று கேளுங்கள்.